மூணு கிரேன் ஆபரேட்டரும் ஒரு சனிக்கிழமையும்

கீபோர்டைத் தொட்டாலே விரல்ல கரித்தூள் ஒட்டும்... கும்மிடிப்பூண்டில இரும்பு வார்க்கற ஒரு ஃபவுண்டரி. 2005-ஓ 2006-ஓ. "ஷிப்ட் போடறதை கம்ப்யூட்டரே பாத்துக்கும் சார்"னு மேனேஜர்கிட்ட வாயைக் குடுத்து மாட்டிக்கிட்ட புது இன்ஜினியர் நான்.

கிரேன் ஓட்ட மூணே பேர். ஷிப்டுக்கு ஒருத்தர். ஒரு சனிக்கிழமை, மதியம் ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் இருக்கற ரெண்டாவது ஷிப்ட் மூணு பேருக்குமே வேணாம். பழவேற்காடு சலீமுக்கு மறுநாள் தங்கச்சி நிக்காஹ், சாயங்காலம் வீட்ல மருதாணி. சேகர் சம்சாரத்துக்கு அன்னிக்கு வளைகாப்பு. மூர்த்தியோட அப்பா ஆஸ்பத்திரில.

தனித்தனியா வந்து கேட்டாங்க. தனித்தனியா "பண்ணிடலாம்"னு சொல்லிட்டேன். காசா பணமா!

ப்ரோக்ராம்லயும் மூணு பேருக்கும் அந்த ஷிப்ட் கிடையாதுன்னு போட்டுட்டு, மத்ததை ஜோடி ஜோடியா எழுதியிருந்தேன். சலீமும் சேகரும் ஒரே ஷிப்ட்ல வரக்கூடாது. சேகரும் மூர்த்தியும் வரக்கூடாது. மூர்த்தியும் சலீமும் வரக்கூடாது. எந்த ரெண்டு பேரை எடுத்தாலும் சரியா இருந்துச்சு. ஆனா மொத்த ஆலைக்கும் ஓட விட்டா, சாப்பாட்டு மணி அடிச்சும் முடியல. மத்த டிபார்ட்மெண்ட் ஆளுங்களை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டிருந்துச்சு, பாவம்.

டீ டம்ளரோட சலீம் எட்டிப் பாத்தான். என் வயசுதான் அவனுக்கும்.

"இன்னா சார், இன்னும் சுத்திக்கினே கீது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"மூணு பேருமே ரெண்டாவது ஷிப்ட் வாணான்றோம். மிச்சம் ரெண்டு ஷிப்ட் தான கீது? மூணாவது ஆளை எங்க சார் நிறுத்துவ?"

டம்ளரைக் காலி பண்ணிட்டு அவனே சொன்னான்: "என்னியே போட்டுடு சார். அவங்களுது தள்ளிப்போட முடியாது."

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் வெக்கமா இருக்கு.

திங்கட்கிழமை எனக்குன்னு பிரியாணி கொண்டாந்தான். "தங்கச்சி கை ரொம்ப மருதாணி சார். சுண்டு விரலு மட்டும் காலி. நான் வந்து வெப்பேன்னு உட்டு வெச்சிருந்துச்சி. நான் ஊட்டுக்குப் போறதுக்குள்ள தூங்கிடிச்சி." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்த அப்புறம்தான் தெரிஞ்சுது... அவன் டீ குடிச்சுக்கிட்டே பாத்ததுக்கு குளோபல் கன்ஸ்ட்ரெயின்ட்னு பேராம். ஜோடி ஜோடியா பாக்காம, கூட்டத்தையே மொத்தமா பாக்கற விதி. இப்பல்லாம் 'ஆல் டிஃபரென்ட்', அதாவது எல்லாருக்கும் வேற வேறன்னு ஒரே வரி. மூணு பேரு ரெண்டு ஷிப்ட்னா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள 'முடியாது'ன்னு வந்துடுது.

யாரு விட்டுக்குடுக்கணும்னு மட்டும் அது சொல்றதில்ல. அதனால நான் இப்ப யாருக்கும் தனியா வாக்கு குடுக்கறதில்ல. எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சுத்தான் கேக்கறேன்.

கேக்கும்போதெல்லாம், நான் பாக்காத அந்தச் சுண்டு விரல் ஞாபகம் வருது.