இருபத்தொரு கையெழுத்து

ஹூஷி ஊரில் மிராபெலாவைத் தெரியாதவர்கள் யாராவது உண்டென்றால் அவர்கள் ரொட்டியே தின்னாதவர்களாக இருக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே, சுவரில் வெட்டிய ஒரு ஜன்னல் வழியாகக் காலை ஆறு மணியிலிருந்து எள் தூவிய வளைய ரொட்டி விற்பவள் அவள். ரொட்டியோடு ஊர்ச் சேதியும் சூடாகக் கிடைக்கும். யார் மகள் இத்தாலிக்குப் போனாள், யார் புருஷன் அங்கே போனவன் திரும்பவேயில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முப்பத்தேழு வயது, வாட்டசாட்டமான உடம்பு, கணீரென்ற குரல். அந்தக் குரலின் பலத்தில்தான் மகன் சபின் படிக்கும் இரண்டாம் வகுப்பின் பெற்றோர் குழுவுக்கு அவள் தலைவியானாள். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. "யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்று கேட்டபோது மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், இவள் குனியவில்லை. அவ்வளவுதான்.

தலைவி என்றால் சும்மாவா? பள்ளி திறக்கும் நாளுக்கு மலர், கிறிஸ்துமஸுக்குப் பரிசு, மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினத்துக்குப் பூங்கொத்து எல்லாம் அவள் தலையில். வகுப்பை நடத்தும் ஒலாரு டீச்சருக்கு லில்லி ஆகாது, தலைவலி வந்துவிடும். வெள்ளை ரோஜாதான் வேண்டும், அதுவும் ஒற்றைப்படையில். இரட்டைப்படையில் பூக் கொடுப்பது சாவு வீட்டுக்கு. ஊரிலேயே கெட்டிக்காரர் என்று பேரெடுத்தவர் ஒலாரு டீச்சர். முதல் வகுப்பில் கைக்கு வந்த பிள்ளைகளை நாலாம் வகுப்பு முடியும்வரை அவரே நடத்துவார். அவரிடம் இடம் கிடைத்தால் நாலு வருடம் நிம்மதி என்று தாய்மார்கள் முட்டி மோதினார்கள். அவருக்குப் பிடிக்காத பிள்ளை அந்த நாலு வருடத்தை எப்படித் தள்ளும் என்று யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அப்படிப் பிடிக்காத பிள்ளையாக அந்த வகுப்பில் இருந்தவள் இலின்கா. ஒல்லியான சிறுமி, கடைசி பெஞ்சில் கோட் மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே தனியாக உட்காருவாள். அவளுக்கு வாய் திக்கும். சத்தமாகப் படிக்கச் சொன்னால் இன்னும் மோசம். அம்மா பெட்ரோனெலா அரசு மருத்துவமனையில் தரை துடைப்பவள். அப்பா எங்கேயோ. ஒலாரு டீச்சர் இலின்காவுக்கு வைத்த பெயர் ரேடியோ.

மிராபெலாவுக்கு இது எப்படித் தெரியும்? சபின் சொல்லித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வேகவைத்த பானை மேஜை நடுவில், நாத்தனார் குடும்பம் சுற்றிலும். சபின் நாற்காலி மேல் ஏறி, ஒரு தட்டைப் புத்தகம் மாதிரி பிடித்துக்கொண்டு இழுப்பான்: "ஆ... ஆ... ஆட்டு... கு... கு..." பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு டீச்சர் குரலில்: "போதும் தாயே, பேட்டரி தீர்ந்துடுச்சு. உட்காரு!" அச்சு அசலாக இருக்கும். அவன் அப்பா விர்ஜிலுக்குப் புரையேறிவிடும். மிராபெலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொல்வாள்: "இன்னொரு தடவை பண்ணுடா!" பண்ணுவான். விருந்தாளி வந்தால் அவளே கூப்பிட்டுப் பண்ணச் சொல்வாள். பையனுக்கு நல்ல நடிப்பு என்று பெருமை வேறு.

பிப்ரவரியில் ஒரு காலை, பனி கால் மூழ்கக் கிடந்தது. பெட்ரோனெலா ஜன்னலுக்கு வந்தாள். ரொட்டி வாங்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு, கூட்டம் கலையும்வரை காத்திருந்தாள்.

"மேடம், உங்க பையன் வீட்ல ஏதாச்சும் சொன்னானா?"

"எதைப் பத்தி?"

"எம்பொண்ணைப் பத்தி. காலைல எழுந்தாலே வயித்த வலிங்கறா. திங்கக்கிழமை கிளாஸ்லயே பாவாடையோட மூத்திரம் போயிட்டா. என்னடின்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறா. டீச்சர் ஏதாச்சும் சொல்றாங்களா? உங்க பையன் கெட்டிக்காரன், சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

மிராபெலா இடுக்கியால் ரொட்டியை அடுக்குவதிலேயே கவனமாக இருந்தாள். "சபினா? அவன் ஒண்ணும் சொல்லலையே. டீச்சர் கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான். நம்மளையெல்லாம் ஸ்கேலால வெளுத்தாங்க. நாம என்ன செத்தா போயிட்டோம்?"

"அடிச்சாக்கூட தழும்பு தெரியும் மேடம்."

மிராபெலா இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். "புள்ளைக்குக் குடு, சூடா இருக்கு." பெட்ரோனெலா வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றி மிராபெலாவுக்கு உறுத்தியது. ஆனால் ஏழரை பஸ் வந்துவிட்டது, கூட்டம் நெரித்தது, மறந்துவிட்டாள். மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் பெட்ரோனெலா தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தாள். மறுநாளே ஒலாரு டீச்சர் ஜன்னலுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அங்கே ரொட்டி வாங்கியவரில்லை.

"மிராபெலா, பாத்தியாம்மா என் நிலைமையை? முப்பது வருஷமா இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு எழுத்தறிவிச்சதுக்கு இதான் கூலி. அந்தப் பொண்ணுக்கு மூளை மட்டு. வாஸ்லுய் டவுன்ல அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு. அவளுக்கே அதுதான் நல்லது. பெத்தவங்க எல்லாரும் என்ன நெனைக்கிறாங்கன்னு தலைமையாசிரியருக்குத் தெரிஞ்சா போதும்."

"நான் பாத்துக்கறேன் டீச்சர்," என்றாள் மிராபெலா. டீச்சரே தேடி வந்துவிட்டாரே என்று அவளுக்கு வாயெல்லாம் பல்.

அன்றைக்கே கடிதம் தயார். 'அன்பும் பொறுமையும் நிறைந்த எங்கள் ஆசிரியை' என்று ஆரம்பம். முதல் கையெழுத்து அவளுடையது. மற்றவை இரண்டு காலைப்பொழுதில் ஜன்னலிலேயே சேர்ந்துவிட்டன. ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பேனா, எவரும் படிக்கவில்லை. "எங்க போடணும்? இங்கயா? இந்தா." சிலர் எள்ளை உதறிவிட்டுப் போட்டார்கள். வகுப்பில் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். கையெழுத்து இருபத்தொன்று.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். எங்கள் பக்கத்தில் பெற்றோர் கூட்டமென்றால் அவரவர் பிள்ளையின் இடத்தில்தான் உட்கார வேண்டும். முழங்கால் பலகையில் இடிக்க, இருபத்திரண்டு பேரும் குட்டி பெஞ்சுகளில் அடைந்து கிடந்தார்கள். மிராபெலா முதல் வரிசையில் சபினின் இடத்தில். பெட்ரோனெலா கடைசியில், கோட்டுகளுக்குக் கீழே, தனியாக.

தலைமையாசிரியர் ஹுர்ஜூய் வம்பு வேண்டாத மனிதர். கடிதத்தை முழுக்கப் படித்தார். படித்து முடித்ததும் நிம்மதியாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் ஒரே குரலா சொல்லியிருக்கீங்க. அப்ப புகாரை முடிச்சுக்கலாம். அந்தக் குழந்தையை ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாத்தற விஷயத்தை திங்கக்கிழமை முடிவு பண்ணிடறேன்."

பெட்ரோனெலா எழுந்தாள். "ஒரு நிமிஷம் சார்," என்று ஒரு பழைய செல்போனை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தாள். "புதன்கிழமை இதை ரெக்கார்ட்ல போட்டு அவ ஸ்கூல் பையோட அடியில வெச்சு அனுப்பினேன்."

போனை ஓடவிட்டாள். முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒலாரு டீச்சர்: "இலின்கா, எழுந்திரு. யாராச்சும் ரேடியோவைத் திருகுங்கப்பா!" வகுப்பே சிரிக்கிறது. ஒரு மெல்லிய குரல் ஒரே எழுத்தில் முட்டி முட்டி நிற்கிறது. "நிறுத்து, நிறுத்து. துடைப்பம் புடிக்க உங்கம்மா என்ன படிச்சா? உனக்கும் அது போதும். சபின், இங்க வாடா. இலின்கா எப்படிப் படிப்பான்னு காட்டு."

சபின் காட்டினான். அதே இழுப்பு, அதே இடைவெளி, அதே பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை மேஜையில் கேட்டதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. வகுப்பு குலுங்கிச் சிரித்தது. சிரிப்புக்கு அடியில், பைக்கு மிக அருகில், மூச்சை அடக்கி அடக்கி ஒரு குழந்தை விசும்பிக்கொண்டிருந்தது. அப்போது டீச்சர் சொன்னார்: "இன்னொரு தடவை பண்ணுடா!"

மிராபெலாவுக்குக் காது மடல் எரிந்தது. அது அவளுடைய வாக்கியம். அந்தக் குட்டி பெஞ்சை விட்டு எழுந்து ஓடவும் முடியாமல் அவள் முழங்கால் சிக்கிக் கிடந்தது.

போன் நின்றதும் கூச்சல் கிளம்பியது. "யாரைக் கேட்டு ரெக்கார்ட் பண்ணீங்க?" "இது சட்டப்படி குத்தம் தெரியுமா?" "எம்புள்ள குரலும் அதுல இருக்கே!" ஒருவர் வாயிலாவது இலின்கா என்ற பெயர் வரவேண்டுமே. வரவில்லை. "வகுப்பு கலகலன்னு இருக்கணும்னு பண்றதுதான் இதெல்லாம்," என்றார் ஒலாரு டீச்சர்.

ஹுர்ஜூய் நெற்றியைத் துடைத்தார். "மிராபெலா மேடம், கடிதம் நீங்க எழுதினது. பையனும் உங்க பையன். உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

இருபது பேரும் அவளையே பார்த்தார்கள். ஊரையே கூப்பிடும் அந்தக் கணீர்க் குரல் எங்கே போய் ஒளிந்ததோ. "பசங்க வீட்ல என்ன சார் சொல்றாங்க... எனக்கு ஒண்ணும் தெரியாது."

பெட்ரோனெலா போனை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். திங்கக்கிழமை பார்க்கலாம் என்று ஹுர்ஜூய் கூட்டத்தைக் கலைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது சபின் சூப் குடித்துக்கொண்டிருந்தான். மிராபெலா கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு அழறது உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும். அழுதாத்தான் டீச்சர் விடுவாங்க."

"தெரிஞ்சுமா அப்படிப் பண்ணின?"

சபின் கரண்டியை வைத்தான். "பண்ணலேன்னா மறுபடி என்னைப் புடிச்சுக்குவாங்க. போன வருஷம் ரேடியோ கிடையாது, நான்தான். ரொட்டிக்காரி பெத்த வெத்துப் பூசணின்னு சொல்லுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"அட பாவி, என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. நீ சிரிச்ச. அப்பாவைக் கூப்பிட்டும் சொன்ன."

சொன்னாள்தான். இப்போது நினைவு வந்தது. ஜன்னலில்கூட நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருந்தாள். தலையைத் தூக்கி மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவளுக்கு. சூப் ஆறிப்போகிறது, குடி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மதியம் கடையை அடைத்துவிட்டு ஒரு தாளில் எழுதினாள். எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, நாலாவது தாள் தேறியது. அதை எடுத்துக்கொண்டு பெட்ரோனெலா இருக்கும் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

கதவைத் திறந்த பெட்ரோனெலா உள்ளே வா என்று சொல்லவில்லை. மிராபெலா தாளை நீட்டினாள். "திங்கக்கிழமை இதைத் தலைமையாசிரியர்கிட்ட குடுக்கலாம்னு... முதல்ல நீ ஒரு தடவை பாத்துடு."

பெட்ரோனெலா தாளைத் தொடவில்லை. மேடம் என்ற சொல்லும் காணாமல் போயிருந்தது. "எனக்கு எதுக்கு? நான் ஜன்னல்ல நின்னு கேட்டப்பவே சொல்லியிருக்கணும் நீ. இப்ப அவகிட்ட காட்டு. எம்பொண்ணுக்குப் படிக்கத் தெரியும். மெதுவாத்தான் படிப்பா. நின்னு கேக்கணும், கேப்பியா?"

இலின்கா சமையலறை மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மிராபெலாவைப் பார்த்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அம்மா சொன்னதும் தாளை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

"என்... ம... மகன்... தின... தினமும் சொ... சொன்னான். என... எனக்கு எல்... எல்லாம் தெ... தெரியும்."

ஒவ்வொரு சொல்லாக வந்தது. அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க மிராபெலாவின் உதடு துடித்தது. கொடுக்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'நான் சிரித்தேன்' என்ற இடத்தில் இலின்கா நெடுநேரம் முட்டினாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொல் ஒருவழியாக வெளியே வந்தபோது மிராபெலா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். 'தெரியாது என்று இரண்டு முறை பொய் சொன்னேன். கடிதத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இலின்காவை எங்கேயும் அனுப்பக் கூடாது' என்பது மிச்சம். அதையும் இலின்கா விடாமல் படித்தாள்.

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இ... இதுல உங்க கை... கையெழுத்து இல்லையே."

அந்தக் கடிதத்துக்கு இருபது பேரிடம் நின்று வாங்கியவள் இதில் தன்னுடையதைப் போடவில்லை. மறந்ததா, மனசு வரவில்லையா, சத்தியமாக அவளுக்கே தெரியவில்லை. பெட்ரோனெலா சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலின்கா தன் பேனாவை நீட்டினாள். மிராபெலா குனிந்து முழுப்பெயரையும் எழுதினாள். இலின்கா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.