துரைக்கு நான் சொல்லிக்கொடுத்த இலக்கணம்

முப்பதுகளின் நடுப்பகுதியில் நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். வலிகாமத்தில் புகையிலைத் தோட்டம் செய்த எங்கள் குடும்பத்தில் இங்கிலிசு படித்த முதல் ஆள் நான்தான். பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் இலக்கணப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் பாடமாக்கியிருந்தேன். ஒரு வசனத்தைத் தந்தால் பலாப்பழம் பிளப்பதுபோலச் சுளை வேறு, சடை வேறு, கொட்டை வேறாகப் பிரித்து வைத்துவிடுவேன். அதே வசனத்தை எடுத்து ஒரு மனிதருடன் கதைக்கச் சொன்னால்தான் வியர்க்கும்.

கந்தோரில் எனக்குச் சமமான இலக்கணக்காரர் ஒருவர் இருந்தார். பக்கத்து மேசைக் கிளாக்கர். ஒருவர் பிழையை மற்றவர் பிடிப்பதே எங்கள் பொழுதுபோக்கு. பகல் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் அரசியல் கதைப்பார்கள். நாங்கள் இடைச்சொல்லைப் பற்றிச் சண்டை பிடிப்போம்.

சோளகக் காற்று வீசும் காலம் அது. ஒரு நாள் பழைய கடதாசிக் கட்டுகள் வைத்திருக்கும் அறையில் வேலையாக இருந்தேன். காற்றில் தாள்கள் பறந்ததால் கதவை உள்ளே கொளுவியிருந்தேன். யாரோ தட்டினார்கள். கந்தோர் வழக்கப்படி, “யார் அது?” என்று இங்கிலிசில் கேட்டேன்.

“இட்ஸ் மீ,” என்று பதில் வந்தது.

எனக்குக் காது கூசியது. அந்த இடத்தில் எழுவாய் வேற்றுமை வரவேண்டும். ‘இட் இஸ் ஐ’ என்பதே சரி என்று புத்தகம் சொல்கிறது. ‘மீ’ என்பது இரண்டாம் வேற்றுமை. கதவைத் தட்டிய ஆள் ‘நான்’ என்று சொல்லாமல் ‘என்னை’ என்று சொன்னதுபோல இருந்தது. பக்கத்து மேசைக்காரர் என்னை வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று நினைத்தேன்.

“இட் இஸ் ஐ என்று சரியாகச் சொன்னால்தான் கதவு திறக்கும்,” என்று உள்ளேயிருந்து இங்கிலிசில் சத்தமாகச் சொன்னேன்.

வெளியே சப்பாத்துக் கால் ஒன்று தரையில் உரசியது. பிறகு, “இட் இஸ் ஐ,” என்று மிகவும் பணிவாக ஒரு குரல்.

வெற்றியோடு கதவைத் திறந்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை நின்றார். இங்கிலாந்திலிருந்து வந்து மூன்று மாதம் ஆகாத இளம் ஆள். தனக்கு எந்தக் கடதாசிக் கட்டு வேண்டும் என்று சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவர் நன்றி சொன்னதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

பக்கத்து மேசைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். “என்ன ஐசே, துரைக்கே இலக்கணம் படிப்பிச்சனீரோ?” என்று வாயைப் பிளந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “உமக்குத் தண்டனையா மன்னாருக்கு மாற்றம்தான். ஆனால் ஒண்டு, நீர் சொன்னது சரி,” என்றார்.

அடுத்த நாள் துரை கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க எட்டு வரி பாடமாக்கிக்கொண்டு போனேன். அவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

“நேற்று நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் லத்தீனுக்குத்தான் இலக்கணம் சொல்லித் தந்தார்கள். இங்கிலிசு எங்களுக்கு எப்படியோ வந்துவிட்டது,” என்றார்.

எப்படியோ வந்ததாம்! அதற்காக நான் வாங்கிய பிரம்படிகளை நினைத்துக்கொண்டேன்.

அவர் என்னைக் கூப்பிட்ட காரணம் வேறு. உத்தியோகத்தில் நிலைக்க அவர் தமிழ்ப் பரீட்சையில் தேறவேண்டும். ஒரு தடித்த புத்தகத்தை வைத்துத் தானாகவே படித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சந்தைக்குப் போய் ஒரு கிழவியிடம், “அம்மையே, இக்கத்தரிக்காய்களின் விலை யாது?” என்று கேட்டிருக்கிறார். கிழவி எழும்பிக் கைகூப்பி, “நாங்கள் சைவம், பாதிரியார் ஐயா, மதம் மாறமாட்டம்,” என்று சொல்லிவிட்டாளாம். தான் கேட்டதில் எங்கே பிழை என்று அவருக்கு விளங்கவில்லை.

“பிழை ஒன்றுமில்லை, சேர். மிகவும் சரி,” என்றேன்.

“அப்படியென்றால் உங்கள் பியோன் சொல்லும் ‘வாறன்’ என்ன? என் புத்தகத்தில் ‘வருகிறேன்’ என்றுதான் இருக்கிறது.”

“அது படிக்காத ஆட்களின் பேச்சு, சேர்.”

“இப்போது உள்ளே வரும்போது நீங்களும் அவனிடம் ‘வாறன்’ என்றுதானே சொன்னீர்கள்?”

எனக்கு முகம் சுட்டது. “அது கதைக்கிறது, சேர்,” என்றேன்.

துரை சிரித்தார். “அப்படியானால் ‘இட்ஸ் மீ’ எங்களுடைய ‘வாறன்’,” என்றார்.

அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். பிறந்தது முதல் என் வாயில் இருந்த தமிழை நான் ஒருநாளும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

அதன்பிறகு வேலை முடிந்து தினமும் அரை மணி நேரம் அவருடன் இருந்தேன். ‘ஆம்’ என்பதற்கு ‘ஓம்’, ‘என்னுடைய’ என்பதற்கு ‘என்ரை’ என்று நான் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அவர் என் இங்கிலிசைத் திருத்தினார். காய்ச்சலுக்கு லீவு கேட்டு நான் எழுதிய கடிதத்தில் ‘தாழ்மையுடன் இரந்து விண்ணப்பிக்கிறேன்’ என்று இருந்ததை வெட்டினார். “காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுதுங்கள். ஏன் இவ்வளவு இரக்கிறீர்கள்?” என்று கேட்டார். சில மாதங்களில் நான் புத்தகத்தை விட்டுப் பேச்சுக்கு மதம் மாறியவன்போல ஆகிவிட்டேன். புதிதாக மாறியவனுக்குரிய வேகமும் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் என்னோடு வாதாடுவதையே விட்டுவிட்டார்.

அந்த வருடம் இருவருக்கும் பரீட்சை வந்தது. அவருக்குத் தமிழில், எனக்கு மேல் வகுப்புக் கிளாக்கர் ஆவதற்கு. என் இங்கிலிசுத் தாளில் பிழை திருத்தச் சொல்லித் தந்த வசனங்களில் ஒன்று, ‘இட் இஸ் மீ’. ‘பிழை இல்லை. இங்கிலாந்தில் படித்தவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள்’ என்று எழுதினேன். மற்ற வசனங்களிலும் இப்படியே இங்கிலாந்துக்காகச் சாட்சி சொல்லியிருந்தேன்.

துரை தேறினார். நான் தேறவில்லை. தாள் திருத்தியவர் வெள்ளைக்காரர் அல்ல, என்னைப்போலப் புத்தகத்தைப் பாடமாக்கிய எங்கள் ஆள்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

“வாய்ப் பரீட்சையில் ‘வாறன்’ சொன்னீர்களா, சேர்?” என்று கேட்டேன்.

“சீச்சீ! ‘வருகின்றேன்’ என்றுதான் சொன்னேன். ‘வாறன்’ சந்தைக்கு. பரீட்சை என்றால் புத்தகம்தானே?” என்றார். எனக்கு அது தெரியும் என்று அவர் நினைத்திருந்தார்.

வீட்டில் மனைவியிடம் முழுக்கதையும் சொன்னேன். அவள் தமிழில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். “இஞ்சாருங்கோ, அந்த வெள்ளைக்காரன் சோதினைக்கு வேட்டி சால்வையோட போயிருக்கிறான். நீங்கள் வீட்டில கட்டுற சாறத்தோட போயிருக்கிறியள். பிறகு ஏன் கவலைப்படுறியள்?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன்.

அடுத்த முறை புத்தகத்தில் உள்ளபடி எழுதித் தேறினேன். அதற்குள் துரை கண்டிக்கு மாற்றமாகிப் போய்விட்டார். அவருக்குக் கடிதம் எழுத ஆசைப்பட்டேன். எந்த இங்கிலிசில் எழுதுவது என்று தீர்மானிக்க முடியாமல் தமிழிலேயே எழுதினேன். ஒரு மாதம் கழித்து இங்கிலிசில் பதில் வந்தது. மலையில் குளிர் அதிகமாம். கதைக்க ஆள் இல்லையாம். என்னை அடிக்கடி நினைக்கிறாராம். பிழை தேடாமல் வாசித்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இரண்டு இருந்தன.