கந்தையா அண்ணை கேட்ட கேள்வி

நான் பொய் சொன்னேன். ஒரு மனிதரின் வாய் நாறுவதை அறிந்திருந்தும் நாறவில்லை என்றேன். யுவ வருடம், ஆடி மாதத்துக் கடைசி வெள்ளி. என் நாட்குறிப்பில் அந்தத் திகதி இருக்கிறது. சொன்ன பொய் மட்டும் அதில் இல்லை. அதை இன்றுதான் எழுதுகிறேன், உங்களுக்காக.

எங்கள் பண்டத்தரிப்புக் கோயிலில் புராணம் படிப்பவர் கந்தையா அண்ணை. அவர் பாட்டை இசையோடு வாசிப்பார். நான் அருகிலிருந்து பயன் சொல்வேன், பாட்டின் பொருளை ஊருக்கு விளக்குவேன். ஒரே புத்தகம், ஒரே பாய். ஆகவே முதலில் அறிந்தவன் நானே! ஆனி முதல் வெள்ளியிலேயே "அண்ணையின் வாயில் துர்நாற்றம்" என்று குறித்துவைத்தேன். அடுத்த வெள்ளியும்... அதற்கடுத்ததும்...

என் வாயை நான் காத்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடிந்ததும் வேப்பங்குச்சி, பிறகு உப்பும் உமிக்கரியும். தென்னை ஈர்க்கால் நாக்கு வழிப்பேன். எதை உண்டாலும் கொப்பளிப்பேன். அண்ணையோ கடைவாயில் புகையிலையை அடக்கியபடியே உறங்குபவர். இதையெல்லாம் அவருக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்த வெள்ளி, புத்தகத்தைப் பட்டில் சுற்றும்போது அவரே கேட்டார்.

"தம்பி, நீர்தான் பக்கத்திலை இருக்கிறனீர். என்ரை வாய் நாறுதோ? ஒளிக்காமல் சொல்லும்."

"இல்லை அண்ணை."

"கடைவாய்ப் பல்லொண்டு இடைக்கிடை குத்துது. அதுதான் கேட்டனான்."

"ஒண்டுமில்லை அண்ணை."

மரியாதையால் மறைத்தேனா? அப்படித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை! அவர் எழுந்தால் அந்த இடம் எனக்கு. ஊரே முகம் சுளித்து அவரை எழுப்பட்டும் என்று காத்திருந்தேன்.

ஆவணியில் எழுப்பியது. அவர் வாய் திறந்ததும் முன்னாலிருந்து ஒரு குரல்:

"பாட்டுக்கு முந்தி மணம் வந்திட்டுதடாப்பா!"

சிரிப்பு... அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் விட்ட பாட்டிலிருந்து வாசித்தேன்!

அதன்பின் அவர் எவர் முன்னும் வாய் திறக்கவில்லை, வைத்தியர் முன்னும். ஐப்பசியில் தாடை வீங்கி, காய்ச்சலில் பிதற்றியவரை வண்டியில் ஏற்றிச் சென்றோம்.

"அழுகின பல். ஆவணியிலை கழட்டியிருந்தால் ஆள் தப்பியிருக்கும்" என்றார் வைத்தியர்.

மூன்றாம் நாள் அண்ணை இறந்தார்.

எட்டு ஆண்டுகளாக நானே படிக்கிறேன். இப்போது பயன் சொல்பவர் செல்லத்துரை வாத்தியார். நான் வாசிக்கும்போது அவர் முகத்தைச் சற்றே அப்பால் திருப்புவதை மூன்று வெள்ளியாகக் கவனிக்கிறேன். திகதிகளைக் குறித்திருக்கிறேன். நாக்கில் இரத்தம் கசியும்வரை வழிக்கிறேன். உள்ளங்கையில் ஊதி முகர்கிறேன்... ஒன்றும் தெரியவில்லை. அண்ணைக்கும் தெரியவில்லையே!

நேற்று, படிப்பு முடிந்ததும் கேட்டேன்.

"வாத்தியார், என்ரை வாய் நாறுதோ? ஒளிக்காமல் சொல்லும்."

அவர் பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"இல்லை அண்ணை."