அவன் கொடுக்காத இனிஷியல்

அவன் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்தில், செங்கல்பட்டில் எங்கள் பள்ளிக்கூட செட்டு கூடி ஒரு அஞ்சலிக் கூட்டம் வைத்தது. மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் "நல்ல குடும்பஸ்தன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குப் போகிறவனை எல்லாம் நல்ல குடும்பஸ்தன் என்று சொல்லிவிடலாம். இவன் செய்தது வேறு. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். அழுகைதான் முந்திக்கொண்டது. கணக்கு வாத்தியாரான நான் அழுது அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, இனியும் காட்டப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அவனும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். பிறகு நான் வாத்தியார் ஆனேன், அவன் கடற்கரைப் பக்கம் அணுமின் நிலையத்தில் ஃபிட்டராகச் சேர்ந்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புருஷனை விபத்தில் பறிகொடுத்த ஒரு பெண்ணை, அவளுடைய மூன்று வயது மகனோடு சேர்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு அவனுடைய அண்ணன் வரவில்லை. நான் போயிருந்தேன். தாலி கட்டுகிற நேரத்திலும் குழந்தை அவன் மடியில் உட்கார்ந்து மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மறு வருடம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு அவனைப் பிடிப்பதே பெரும்பாடு. கேரம் ஆடக் கூப்பிட்டால், "இல்ல மச்சான், புள்ளைங்க காத்துகினு இருக்கும்" என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் ஒரே மொபெட்டில் மாமல்லபுரம் போவார்கள். கூட்டம் மொய்க்கிற இடத்துக்குப் போகாமல், படகுகள் ஒதுங்குகிற பக்கமாகப் போய்ப் பையனுக்கு அலையில் குதிக்கக் கற்றுக்கொடுப்பான். பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது லீவு போட்டுவிட்டு, தினமும் விடிவதற்குள் வயல் வரப்பில் கீழாநெல்லி தேடியலைந்தான். வேலை போய்விடப் போகிறது என்று நான் திட்டினேன். காதில் வாங்கவே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவன் எனக்குப் புரியவில்லை. பையன் பெயருக்கு முன்னால், இறந்துபோன அப்பாவின் எழுத்தே இருந்தது. தங்கை பெயருக்கு முன்னால் இவன் எழுத்து. ஒரே ரேஷன் கார்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டு இனிஷியல்.

பையனை எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்திருந்தான். பத்தாம் வகுப்பில் நான்தான் அவனுக்கு கிளாஸ் டீச்சர். பரீட்சைக்கான பெயர்ப் பட்டியல் வந்ததும் என் சிநேகிதனை வரச்சொன்னேன்.

"இப்ப வுட்டா சர்டிஃபிகேட்ல ஏறிடும்டா. அப்புறம் மாத்தறது பேஜாரு. பேப்பரு எல்லாம் நான் பாத்துக்கறேன், உன் இனிஷியலைப் போட்டுடலாம்."

"வேணாம்."

"உங்க அண்ணன் ஊரு பூரா இன்னா சொல்லிகினு கீறாரு தெரியுமா? நாளைக்கு உன் எழுத்து இல்லாத புள்ள உனக்கு எப்டிடா புள்ளயாவான்னு கேக்கறாரு."

அவன் மேஜையில் இருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டே சொன்னான்: "அந்தாளு பாவம்டா, செத்துட்டாரு. அவருக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த ஒரு எழுத்து தான். அதையும் நான் புடுங்கிக்கணுமா?"

எனக்கு வந்த கோபத்தில் "நீ உருப்பட மாட்டே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோபம் மறுநாளும் அடங்கவில்லை. பட்டியலில் கையெழுத்துப் போட வந்த பையனிடம், "உங்கப்பா அவரு இனிஷியலைத் தர மாட்டேன்னுட்டாரு. பழையதே இருக்கட்டும்" என்றேன். மடையன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பையன் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிராமல் போனான்.

பத்து நாள் கழித்து பையனின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வராந்தாவில் நின்றுகொண்டு, "அண்ணா, புள்ள அவரை அப்பான்னு கூப்டறதில்ல. வண்டில ஏற மாட்டேங்கறான். 'தங்கச்சி மட்டும்தான் அவருக்குப் புள்ள'ன்றான். அவரு எதுவும் கேக்காம, சோறும் துன்னாம உக்காந்துகினு கீறாரு" என்றாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பதினைந்து வயதுப் பையன், ரேஷன் கார்டைப் பார்த்துப் பார்த்து இத்தனை வருடமும் மனதுக்குள் எதையோ நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அதில் நான் நெருப்பை வைத்துவிட்டேன்.

அன்று மாலையே பையனை உட்காரவைத்து, அவன் அப்பா சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். அரைகுறையாகச் சொன்னது என் தப்பு என்றும் சொன்னேன்.

"நெஜமாவே அப்டி சொன்னாரா சார்?"

"அப்டியே சொன்னாரு."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் மொபெட்டில் போனதாக மட்டும் கேள்விப்பட்டேன். சர்டிஃபிகேட் பழைய எழுத்தோடுதான் வந்தது.

பையனுக்குப் பதினெட்டு முடிவதற்குள் நான் தலைமையாசிரியர் ஆகி, பச்சை மையில் அத்தாட்சிக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகத்துக்கு வந்திருந்தேன். பதினெட்டு முடிந்ததும் ஒரு நாள் பையன் அரசிதழில் பெயர் மாற்றம் செய்வதற்கான விண்ணப்பத்தோடு என் அறைக்கு வந்தான். "வூட்ல யாருக்கும் தெரியாது சார்" என்றான். வாங்கிப் படித்தேன். பழைய எழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று சேர்ந்திருந்தது. மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில், "எனக்கு இரண்டு அப்பா" என்று எழுதியிருந்தான். ஆபீசில் கேள்வி கேட்பார்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. இந்த முறை வாயை மூடிக்கொண்டு, பேனாவைத் திறந்து போட்டேன் கையெழுத்து. என் சர்வீசில் அவ்வளவு பெரிய கையெழுத்து நான் போட்டதில்லை.

அரசிதழ் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பையன் என்னையும் அணுபுரத்துக்கு வரச்சொன்னான். அவன் பெரியப்பாவையும் கூப்பிட்டிருந்தான். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அந்தத் தாளைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தான். இவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டினான். பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து, "அவரு எழுத்து போவலையே?" என்று கேட்டான்.

"இல்லப்பா. முன்னாடி அவரு, அப்புறம் நீங்க."

அவ்வளவுதான். எழுந்து பையனைக் கட்டிப்பிடித்தான். உடனே வெளியே போய் மாடிப்படியில் நின்று பிளாக்கில் இருந்த அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். லுங்கி பனியனோடு, கையில் அந்தத் தாளோடு, "எம் புள்ள பேரைப் படிங்க" என்று ஒவ்வொருவராக நிறுத்திப் படிக்கவைத்தான். அவன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் அழுதேன். அன்றைக்கு யார் பார்த்தாலும் கவலையில்லை என்று இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவன் அண்ணன் தாளை வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாடா இது, உன் எழுத்தை ரெண்டாவதா தான போட்டுகீறான்?"

"ரெண்டாவதா வந்தவன் தானே அண்ணா நானு" என்றான் அவன். "வந்துட்டேன் பாரு."