உதவிக்கு இருந்த பெண்

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துகிற அக்காவுக்குக் கதைப் புத்தகம் என்றாலே இளக்காரம். சாப்பாட்டு வேளையில் நான் நாவலும் கையுமாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினால் போதும், எதிர் மேஜையிலிருந்து ஆரம்பித்துவிடுவாள்.

"இல்லாத ஒருத்தி செத்ததுக்கு உனக்கு எதுக்குடி இவ்வளவு அழுகை?"

அவள் படிப்பதெல்லாம் நடந்த கதைகள். சிறையில் இருந்தவர், கப்பலில் சமைத்தவர், பார்வை போன பிறகு வக்கீலானவர் என்று வீட்டுக் கூடத்தில் ஒரு அலமாரி முழுக்க தன்வரலாறுகள். "இதை ஒருத்தி நிஜமாவே தாங்கியிருக்கா. அப்போ நானும் தாங்கலாம்ல?" என்பாள். அப்படிச் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது.

அவள் அம்மா பக்கவாதத்தில் பதினோரு வருஷம் படுத்த படுக்கை. அந்தப் பதினோரு வருஷமும் அக்காவுக்குச் சாப்பாட்டு வேளை என்று ஒன்று கிடையாது. ஒரு மணி அடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு தெரு தாண்டி ஓடுவாள். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, ஒன்று ஐம்பதுக்கு மேஜையில் இருப்பாள். கையில் டெட்டால் வாசனை அடிக்கும். கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோனது. கடைசியில் வருவதும் நின்றது.

அண்ணன் ஒருவர் உண்டு. வேறு ஊரில் பெரிய உத்தியோகம். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, அறை வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பிடிப்பார். அக்கா ஞாயிறுதோறும் அவருக்குக் கடிதம் எழுதுவாள். அம்மா என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் புண் வந்தது, தூக்கத்தில் யாரைக் கூப்பிட்டாள் என்று எல்லாம் இருக்கும். படித்தால் மனசு கேட்காமல் வந்துவிடுவார் என்று நினைத்தாள். அவருக்கா மனசு கேட்காது?

அம்மா போய் நாலு வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றார், தன் வாழ்க்கையை எழுதினார். எங்கள் அச்சகத்துக்கே புத்தகம் வந்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அம்மாவைப் பத்தி ஒரு அத்தியாயமே இருக்காம். என்னைப் பத்தியும் ரெண்டு வரி எழுதாமலா இருப்பாரு?"

பக்கம் கட்டினவள் நான்தான். வரி சரியாக நிற்கிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. படித்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் பேனா நின்றது. தாளை என் பக்கம் தள்ளினாள்.

ஒரு மணி அடித்ததும் வேலையைப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடும் மகன். டெட்டால் வாசனை போகாத கை. தூக்கத்தில் அம்மா கூப்பிட்ட பெயர். கடிதங்களில் அவள் எழுதினது அத்தனையும் இருந்தது, செய்தது மட்டும் அவர். நடுவில் ஒரு வரி: 'எனக்கு உதவிக்கு ஒரு பெண் இருந்தாள்.'

அக்கா அழவில்லை. அச்சகத்துப் போனிலேயே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்னண்ணா இது?"

அவர் குரல் எனக்கே கேட்டது. "ஒருத்தன் பட்ட பாடாச் சொன்னாத்தாம்மா படிக்கிறவங்களுக்கு ஒட்டும். எழுதினது எதுவும் பொய் இல்லையே? எல்லாம் நடந்ததுதானே?"

"அப்போ தங்கச்சி பார்த்துக்கிட்டான்னு ஒரே ஒரு வரி போடுங்க."

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் காத்திருந்தாள். அச்சுக்குப் போகும் முன் திருத்துகிற கடைசிப் படி வந்தது. அந்த வரி இல்லை.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் படியில் பிழை திருத்துகிறவள் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். விஷயத்தில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடலாம், மாற்றக் கூடாது. "கையெழுத்துப் போடாதக்கா, முதலாளிகிட்ட நான் பேசறேன்" என்றேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். அண்ணன் தவறாக 'இடது இடுப்பில் புண்' என்று எழுதியிருந்த இடத்தில், இருபது வருஷத்தில் முதல் தடவையாக, கேள்விக்குறி போடாமல் 'வலது' என்று அடித்துத் திருத்தினாள்.

"அவரு பண்ணின பொய்க்கு நீ எதுக்குக்கா மெனக்கெடற?"

"பொய் அவரோடது. உடம்பு எங்கம்மாவோடது."

பிறகு 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் திருத்தத்தை அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

புத்தகம் வந்த மாதமே பத்திரிகையில் மதிப்புரை வந்தது. முதலாளி அதை அச்சகம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். 'தாயின் வலது இடுப்பில் வந்த புண்ணைக்கூட மறக்காத மகன். உண்மைக்கு மட்டுமே இந்த நுணுக்கம் வாய்க்கும்.' எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். அந்தக் கைத்தட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை, யாரை என்றுதான் தெரியவில்லை.

இனி அவளும் நாவல் பக்கம் வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அலமாரியில் இருக்கிற தன்வரலாறுகளையே முதலிலிருந்து மறுபடி படிக்கிறாள். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது நாலைந்தை எடுத்துப் புரட்டினேன். ஓரங்களில் பென்சிலால் கேள்விக்குறிகள். சிறையில் இருந்தவருக்கு வாரந்தோறும் சாப்பாடு கொண்டுவந்த 'ஒரு உறவுக்காரப் பெண்' பக்கத்தில் ஒன்று. வக்கீலுக்குச் சட்டப் புத்தகம் முழுவதையும் வாசித்துக் காட்டிய 'வீட்டார்' பக்கத்தில் ஒன்று.

"என்னக்கா இது?"

"இவங்கல்லாம் யாருன்னு எழுதலையே. கேட்டு வச்சிருக்கேன்."

கடைசியில் அண்ணனின் புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். 'உதவிக்கு ஒரு பெண்' பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி இல்லை. அது யாரென்று அவளுக்குத் தெரியும்.