ஒரே மூச்சில் முப்பத்தைந்து

எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர். தாயக்கட்டையைக் குலுக்காமல் உருட்டுகிறவர்களையும், பாலில் தண்ணீர் சேர்க்கிறவர்களையும் பத்து வயதிலேயே கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஆகவே சித்தப்பாவின் மூச்சை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

சித்தப்பா மலைக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தார். பச்சைக் காய் காய்வதற்கு விடிய விடிய விறகு தள்ளி அனல் மூட்டும் வேலை. அந்தப் புகையை வருஷக்கணக்கில் குடித்ததில் அவருடைய நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. ஊசி போட்டால் நாலு நாள் கேட்கும், பிறகு பழைய கதைதான். கடைசியில் அப்பா அவரைக் குமுளியில் ஒரு ஆயுர்வேத வைத்தியரிடம் அழைத்துப்போனார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் நகத்தை அமுக்கி, விட்டு, வெளுத்த நகம் மறுபடி சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுவாசம் நெஞ்சில் நின்னால் போரா, ரத்தத்தில் சேரணும், கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொன்னார். ரத்தத்தையே எடுக்காமல் அதில் காற்று இருக்கிறதா என்று இவர் எப்படிக் கண்டுபிடித்தார்? எனக்கு அவர்மீது முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. ஆடாதொடைக் கஷாயம், தேனில் குழைத்த திப்பிலிப் பொடி, ஒரு டப்பா லேகியம், நெஞ்சில் தடவ எண்ணெய், காலையும் மாலையும் மூச்சுப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டே போனார். தயிரும் திராட்சையும் கூடாது. தினமும் காலையில் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முப்பத்தைந்தை எட்டினால் வேலைக்குப் போகலாம், அதுவரை புகைப்பக்கமே தலைவைக்கக் கூடாது. முதல் நாள் சித்தப்பா பதினாலில் நின்றுபோனார்.

லேகியத்தை நான் திருட்டுத்தனமாக நக்கிப்பார்த்தேன். வெறும் வெல்லம்தான் என்று முடிவு கட்டினேன். ராத்திரி நாக்கு எரிந்தபோது முடிவைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

காய் பறிக்கும் பருவம் நெருங்கியதும் கங்காணி வீட்டுக்கு வந்தார். "வீட்டுக்கு ஒரு ஆளு வரணும். ஒங்க தம்பியால ஆகலேன்னா அவுக சம்சாரத்த காய் எடுக்க அனுப்புங்க. ரெண்டு பேரும் வரலேன்னா வேற ஆளப் போட்டுருவாக" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி அடுப்படியில் இருந்தாள். அவள் மலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மலைப்பாதையின் ஒரு வளைவில் வேலையாட்களின் ஜீப் கவிழ்ந்து அவளுடைய அக்கா இறந்துபோனாள். அதிலிருந்து சித்தி ஜீப் பக்கமே போனதில்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, அப்போது என் கவனமெல்லாம் எண்ணிக்கையில்தான் இருந்தது.

"முப்பத்தஞ்சு எண்ணுனா நீ போ. இல்லேன்னா அவ போகட்டும். ஒன்னைய அந்தப் பொகையில சாகவிட மாட்டேன்" என்று அப்பா சித்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் யாரையும் நம்ப மாட்டியே, தினம் எண்ணி காலண்டர்ல எழுது" என்றார்.

அதற்கப்புறம் சித்தப்பாவின் எண்ணிக்கை ஏறிய வேகம் இருக்கிறதே! இருபத்திரண்டு, இருபத்தாறு, முப்பத்தொன்று. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காருகிறவர் முப்பத்தொன்று எண்ணுவாரா? இருபதைத் தாண்டும்போதெல்லாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வதையும் கவனித்துவைத்தேன். அந்தத் துண்டு முகத்தை மறைக்கும் நொடியில்தான் ஏதோ நடக்கிறது என்று எனக்குப் பட்டது.

கங்காணிக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் காலையில் அப்பாவும் சித்தியும் கூட நின்றார்கள். நான் தலையணையின் கிழிசலில் விரலை விட்டு இலவம்பஞ்சு ஒரு துணுக்கு எடுத்து, நூலில் கட்டி, சித்தப்பாவின் வாய்க்கு நேரே பிடித்தேன். பேசினால் பஞ்சு வெளியே பறக்க வேண்டும். உள்ளே வந்தால் திருட்டு. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை.

சித்தப்பா பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எண்ணத் தொடங்கினார். பதினெட்டு வரை பஞ்சு ஒழுங்காக ஆடியது. இருபத்தொன்றில் கை துண்டுக்குப் போனது. பஞ்சு சட்டென்று உள்பக்கம் திரும்பி அவருடைய மீசையில் ஒட்டிக்கொண்டது.

"மூச்சு இழுத்துட்டாகப்பா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மீசையில் பஞ்சோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்திதான் கிட்டே வந்து அதை எடுத்துவிட்டாள். "விடுங்க, நான் போறேன்" என்று அவரிடம் சொன்னாள். என்னை அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் விடியும்போதே ஜீப் வந்துவிட்டது. சித்தி தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். ஜீப் போன பிறகு சித்தப்பா மாடிக்குப் போய், மலைப்பாதையைப் பார்த்தபடி நின்று எண்ணத் தொடங்கினார். நான் பென்சிலோடு மாடிப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்று என்பார். வெகுநேரம் கழித்து இரண்டு என்பார். நடுவில் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டார், மறைக்கக்கூட இல்லை. ஒன்பது சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். தினமும் இதே கதை, ஒன்பதுக்குமேல் போகவே மாட்டார்.

நானும் விடாமல் காலண்டரில் எழுதிவந்தேன். ஒரு வாரம் பொறுத்துவிட்டு அப்பாவிடம் போய், "சித்தி போனதுல இருந்து சித்தப்பா வேணும்னே கொறச்சு எண்ணுறாக. வேலைக்குப் போகாம இருக்கப் பாக்குறாக" என்று புகார் சொன்னேன். அப்பா காலண்டரைப் பார்த்தார். என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இவரும் அந்தக் கூட்டுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் சித்தியோடு பஸ்ஸில் அந்த மலைப்பாதையில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு எண் பலகை நின்றது. நான் வேடிக்கையாக அவற்றை வாசித்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் சித்தி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "இங்கனதான் அக்கா போன ஜீப்பு கவுந்துச்சு" என்றாள்.

பலகையில் ஒன்பது என்று எழுதியிருந்தது. கீழே, பள்ளத்தாக்கில், எங்கள் ஊரின் மாடிகள் தெளிவாகத் தெரிந்தன.