ஆர்கிரோவுக்குக் கிடைத்த மெத்தை

ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலில், அகழ்வாய்வுக் கிடங்குக்குக் காவல்காரன் ஸ்டமாடிஸ். நான் அங்கே மண் வெட்டியவன். போர் நெருங்கியதும் சிலைகளை ஒளிக்கச் சொன்னார்கள். கிடங்குத் தரையிலேயே பெருங்குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, ஒவ்வொன்றாக இறக்கினோம்.

“மெதுவாடா! உங்க மாமியாரையா தள்றீங்க?” என்று ஸ்டமாடிஸ் கத்திக்கொண்டே இருந்தான். தலையில்லாத கல் பெண் ஒருத்தியை மட்டும் தானே தாங்கிப் படுக்கவைத்தான்.

சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி ஆர்கிரோ இடுப்பில் கைவைத்து நின்றாள். “இவளுக்கு இம்புட்டு மெத்தையா? என்னைக்காவது எனக்கு இப்படி விரிச்சிருக்கியாய்யா?”

“இவளுக்கு வாய் இல்லடி. அதான்.”

குழியை மூடும்வரை சிரித்தோம்.

அடுத்த குளிர்காலம் அந்நியப் படை ஊரில் இருந்தது, சோறு இல்லை. திடலில் பிடுங்கக் கீரைகூட மிஞ்சவில்லை. ஆர்கிரோ தன் சோளரொட்டியை மகள் லெனியோவுக்கு ஊட்டிவிட்டு, தான் தின்றுவிட்டதாகப் பொய் சொன்னாள். ஒரு காலையில் எழவில்லை.

சாவைச் சொன்னால் அவளுடைய ரொட்டிச் சீட்டு போய்விடும். அது போனால் லெனியோவும் போய்விடுவாள். பலர் பிணத்தை இடுகாட்டு மதிலோரம் பெயரில்லாமல் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எவனுக்காவது யோக்கியதை இருந்தால் என் முன்னால் வரட்டும்.

“ஆர்கிரோ அவ அம்மா ஊருக்குப் போயிருக்கா” என்றான் ஸ்டமாடிஸ். லெனியோவிடமும் அதையேதான் சொன்னான். சின்னப் பெண், ரொட்டி வரிசையில் உளறிவிடுவாள்.

போர் முடிந்து குழியைத் திறந்தோம். “மெதுவா” என்றான் ஸ்டமாடிஸ், கத்தாமல். கல் பெண்ணுக்குப் பக்கத்தில், அதே வைக்கோலில், கம்பளி சுற்றிய எலும்புகள். பின்னல் கலையாத கூந்தல்.

மேலிருந்து அதிகாரி எட்டிப் பார்த்தார். “இது எந்தக் காலத்துதுப்பா?”

“பட்டினிக் காலத்துதுங்க. என் பொண்டாட்டி.”

லெனியோவை நான்தான் அழைத்துவந்தேன். வளர்ந்திருந்தாள். அம்மா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள். எங்கள் வழக்கப்படி எலும்புகளை ஒயினில் கழுவ அவளிடம் கொடுத்தார்கள். மடியில் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

“அம்மா மட்டும் ஊர்ல போய் வயிறு நிறையத் தின்னுட்டு இருக்கான்னு, தினம் திட்டினேனேப்பா.”

ஸ்டமாடிஸ் ஒயினை ஊற்றினான், அவள் கழுவினாள்.